ஊட்டியிலிருந்து வரும் அந்தச் சின்ன பாட்டில்



ஊட்டிக்குப் போய்வருகிறவர்கள் எனக்கு மறக்காமல் வாங்கிவருவது விண்டர்கிரீன் தைலம். இரண்டு சொட்டை தேங்காயெண்ணெயில் கலந்து முழங்காலில் தேய்த்துக்கொள்வேன். இதமாகத்தான் இருக்கும். ஆனால் அதை நீலகிரித் தைலம் என்றே நினைத்து, கைக்கு எட்டும் அலமாரியில் பல வீடுகளில் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

நீலகிரித் தைலம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த யூகலிப்டஸ் மரத்தினுடையது. இது வேறு. நம் மலையிலேயே தானாக வளரும் புதர்ச்செடி. தாவரவியல் பெயர் கோல்தீரியா ஃபிராக்ரண்டிசிமா. நீலகிரியின் உயரங்களிலும் இமயமலையிலும் இலங்கை மலைநாட்டிலும் உண்டு. மணி போன்ற சின்ன வெள்ளைப் பூக்கள், கருநீலப் பழம். இலையைச் சும்மா முகர்ந்தால் பெரிதாக மணக்காது. மணப்பொருள் சர்க்கரையோடு பிணைந்து உள்ளே கிடக்கிறது. இலை நசுங்கியதும் நொதி அந்தப் பிணைப்பை அறுத்துவிடும். இலையை நீரில் ஊறவைத்துப் பிறகு வடிப்பது இதற்காகத்தான்.

ஆய்வகத்தில் சாலிசிலிக் அமிலத்தோடு மெத்தனாலும் சில சொட்டு அடர் கந்தக அமிலமும் சேர்த்துச் சூடாக்கியதும், “சார், தலைவலி பாம் வாசனை!” என்று கத்துவீர்களே, அதே மீத்தைல் சாலிசிலேட்தான் இது. தைலத்தில் ஏறத்தாழ முழுவதும் அதுவே.

உடலுக்குள் போனதும் அது திரும்பவும் சாலிசிலிக் அமிலமாக மாறுகிறது. ஆஸ்பிரினுக்கு நெருங்கிய சொந்தம். வலி குறைவது அதனால்தான், விஷமாவதும் அதனால்தான். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி., 325 மி.கி. ஆஸ்பிரின் மாத்திரைகள் இருபதுக்கு மேல் விழுங்கியதற்குச் சமம். சிறு குழந்தையின் உயிருக்கு அதுவே போதும். வாசனையோ மிட்டாய் மாதிரி இருக்கிறது!

ஆகவே சில வேண்டுகோள்கள். இதை ஒரு சொட்டுகூடக் குடிக்காதீர்கள். குழந்தைகளுக்குத் தேய்க்காதீர்கள். பேரன் பேத்தி வரும் வீட்டில் பூட்டி வையுங்கள். தேய்த்த இடத்தில் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். இதய வால்வு மாற்றி வார்ஃபரின் சாப்பிடும் பெரியவர்கள், ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். தோலில் தேய்த்தாலும் ரத்தத்தில் கலக்கும்.

குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், காத்திருந்து பார்க்காமல், பாட்டிலோடு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இன்றைக்கே உங்கள் வீட்டு அலமாரியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.