உம்மம்மாட பெட்டகம்

மகளுக்கு வீடு கட்டி முடித்தபோது கையில் ஒரு சதமும் மிஞ்சவில்லை. கிழக்கில் பெண்பிள்ளை பெற்ற வாப்பாமாருக்கு இது புதிய செய்தியல்ல. சீதனத்துக்கு எதிராக நான் மேடையில் பேசியிருக்கிறேன், எழுதியுமிருக்கிறேன். ஆனாலும் வீடு என்று வந்தால் வாய் அடைத்துப் போகிறது. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளைதான் அங்கு வந்து குடியேறுகிறவன். 2003இல் நானும் அப்படி வந்தவன்தான். ஆசிரியர் சம்பளத்தைக் காட்டிக் கடனெடுத்து, சுவர் எழுப்பி, ஓடு போட்டு, நிலத்துக்கு மாபிளும் பதித்தாயிற்று. உள்ளே வைப்பதற்குத்தான் ஒன்றுமில்லை.

"வாப்பா, கடையில ஒண்டும் வாங்க வேணாம். ஒங்கட உம்மம்மாட வீடு மாதிரி செய்வம்" என்றாள் மகள்.

என்னுடைய உம்மம்மா 1996இல் மௌத்தானவ. மகள் அவவைக் கண்டதில்லை. தன்னுடைய உம்மம்மாட வீட்டையும் அவள் கண்டதாகச் சொல்ல முடியாது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது அவள் 5 மாதக் குழந்தை. மாமி உயிர் தப்பினா, வீடு தப்பவில்லை. அத்திவாரமும் ஒரு அம்மிக்கல்லும் மட்டும் கிடந்தன. ஆகவே 'உம்மம்மா வீடு' என்று அவள் சொன்னது நான் சொன்ன கதைகளிலிருந்தும் தன் தொலைபேசியிலிருந்தும் சேர்த்துக்கொண்ட ஒரு வீடு.

தொலைபேசியில் படங்கள் காட்டினாள். பழைய வாங்கு, பித்தளைச் செம்பு, கைத்தறித் துணி, பக்கத்திலேயே வெள்ளைச் சுவரும் கண்ணாடியும். ஒரு படம் கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் உள்ள ஜெப்ரி பாவாவின் வீடு. வரிசையாக நின்ற 4 சிறு வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி ஒன்றாக்கி, பழைய வீடுகளில் கழற்றிய கதவுகளையும் தூண்களையும் அதற்குள் நிறுத்தி வைத்தார் அந்தக் கட்டடக் கலைஞர். அவரது தந்தை வழிப் பாட்டனார் ஒரு முஸ்லிம் சட்டத்தரணி என்பதை மகளுக்குச் சொன்னேன். "அப்ப நாமளும் செய்யலாம்தானே" என்றாள். அவர் வசதி படைத்தவர் என்பதை நான் சொல்லவில்லை.

முதலில் பாய். எங்கள் ஊரில் பன் பாய் பின்னுகிற பெண்கள் இன்னும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். குளத்தோரத்துப் பன்னை வெட்டி, காயவைத்து, சாயத்தில் அவித்து, நீர் தெளித்துப் பதமாக்கிப் பின்ன வேண்டும். கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில் எங்களுக்குக் கைப்பணிப் பாடத்தில் நிறக் கடதாசியை வெட்டிப் பாய் பின்னக் கற்றுத் தந்தார்கள். விடுமுறைக்கு ஊர் வந்தபோது அதை உம்மாவிடம் பெருமையோடு காட்டி வாங்கிக் கட்டிக்கொண்டது ஞாபகம் வருகிறது. மகள் கேட்டது மேசையின் நடுவே விரிக்க ஒரு சாண் அகலத்தில் நீளமான பாய். பின்னுகிற மூத்தம்மா சிரித்துவிட்டா. "மேசையும் படுக்கப் போகுதா புள்ள?" என்றா. ஆனாலும் சிவப்பும் கறுப்புமாக அழகாகப் பின்னிக் கொடுத்தா. சாரக் கட்டம் போட்ட மருதமுனைக் கைத்தறித் துணியில் யன்னலுக்குத் திரைச்சீலை தைத்தாள் மகள். காலையில் வெயில் படும்போது வாப்பா உடுத்த சாரன் யன்னலில் தொங்குவது போலிருக்கும். எனக்கு அது பிடித்துவிட்டது.

படிக்கத்தில்தான் சண்டை வந்தது. உம்மம்மா வெற்றிலை துப்பிய பித்தளைப் படிக்கத்தைப் புளி போட்டுத் துலக்கி, அதில் செடி வைத்து மண்டபத்தின் நடுவே வைத்தாள். அதை உம்மா கண்டா. "எச்சில் படிக்கத்தில பூவா? என்ட உம்மா பாத்தா எழும்பி வந்திருவா" என்றா. மகள் விடவில்லை. படிக்கம் இப்போது குளியலறை வாசலுக்கு நகர்ந்திருக்கிறது. அது சமாதான உடன்படிக்கை.

பெட்டகம் இவ்வளவு இலேசாக வரவில்லை. உம்மம்மாட வீடு வழக்கப்படி உம்மாவுக்கும் பிறகு ராத்தாவுக்கும் போனது. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். ஆனால் அங்கிருந்து ஒரு கரண்டியைத் தூக்கவும் எனக்கு உரிமை இல்லை. சின்ன வயதில் பழைய சாமான் வியாபாரிகள் சைக்கிளில் வருவார்கள். பிளாஸ்டிக் பேசின் இரண்டு தந்து பித்தளைக் குடத்தைக் கொண்டு போவார்கள். உம்மம்மாவும் குடங்களைக் கொடுத்தவதான். அந்தப் பேசின்களின் பச்சை நிறம் எங்களுக்கெல்லாம் அதிசயமாக இருந்தது. பெட்டகத்தைக் கேட்டபோது மட்டும், "அதுக்குள்ள கணக்கு இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டா. முதிரை மரத்தில் செய்தது, நாலு பேர் சேர்ந்தால்தான் அசையும். ராத்தா வீட்டை உடைத்துக் கட்டியபோது அது பின் வளவுக் கொட்டிலுக்குப் போய், மேலே கோழி அடைகாக்கும் அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

கேட்கப் போனேன். ராத்தா உடனே பதில் சொல்லவில்லை. தேத்தண்ணி தந்தா, பிள்ளைகளின் படிப்பை விசாரித்தா. எழும்பும்போதுதான் சொன்னா:

"கொண்டு போ. ஆனா ஒனக்குத் தாறன் எண்டு நினைக்காத தம்பி. என்ட மருமகளுக்குக் குடுக்கிறன்."

மகளின் திட்டம் இதுதான்: பெட்டகத்தைச் சுரண்டிப் பொலிஷ் அடித்து, மூடிமேல் மெத்தை போட்டு, மண்டபத்தில் இருக்கையாக வைப்பது. உள்ளே விரிப்புகளும் தலையணைகளும். ஓடாவியார் அரத்தாளோடு வந்தார். வெளிப்பக்கம் இரண்டு நாள் வேலை. கறுப்புப் படிந்த மரம் தேன் நிறத்துக்கு வந்தது. மூன்றாம் நாள் மூடியைத் திறந்து சுவரில் சாத்தினார். உட்பக்கம் முழுக்க வெள்ளைக் கோடுகள், விரலால் இழுத்தவை. "சுண்ணாம்பு அப்பியிருக்கு சேர், ஒரு மணித்தியாலத்தில எடுத்திரலாம்" என்றார்.

அன்று உம்மா முச்சக்கரவண்டியில் வந்திருந்தா. "கைய எடு ஓடாவி" என்று அவ போட்ட சத்தத்தில் அந்த மனிதர் அரத்தாளைக் கீழே போட்டுவிட்டார்.

உம்மம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பால் மூடிக்குள் கணக்கு வைத்திருக்கிறா. இடப்பக்கம் மற்றவர்கள் வாங்கிய அரிசி, ஒரு கோடு ஒரு கொத்து. வலப்பக்கம் தான் கொடுக்க வேண்டியது. கணக்குத் தீர்ந்தால் ஈரத் துணியால் துடைத்துவிடுவா. அப்படியானால் மிஞ்சியிருக்கிற கோடு ஒவ்வொன்றும் தீராத கடன். இடப்பக்கத்துக் கோடுகளைக் காட்டி, "இதெல்லாம் ஹலாலாக்கிட்டா, மௌத்துக்கு முந்தி வாயால சொன்னவ" என்றா உம்மா. வலப்பக்கத்தில் 7 கோடுகள் தனியாக நின்றன. அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அவை சட்டி பானை. வயலுக்கு அப்பால் உள்ள தமிழ்க் கிராமத்திலிருந்து தலையில் கூடை வைத்து ஒரு அம்மா வருவா. காசு வாங்க மாட்டா. பானைக்கு அது கொள்ளுமளவு நெல், அதுதான் விலை. 1990 வைகாசியில் வந்தபோது உம்மம்மா 7 பானை எடுத்து, சிறுபோக வெட்டு முடிய நெல் தருவதாகச் சொல்லியிருக்கிறா. ஜூனில் சண்டை மூண்டது. ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். 12ஆம் திகதி ஏறாவூர். தமிழ்க் கிராமங்களிலும் அந்த மாதங்களில் சாவு விழுந்தது. எனக்கு அப்போது 12 வயது. வயலுக்குப் போகிற பாதையைப் பார்க்கவே பயந்த காலம். வெட்டு முடிந்தது, அந்த அம்மா வரவில்லை. நெல்லைக் கொண்டுபோய்க் கொடுக்க இங்கிருந்தும் யாரும் போகவில்லை.

உம்மம்மாட ஜனாஸாவைத் தூக்குமுன் வழமைபோலக் கேட்டார்கள்: மையித்து யாருக்கும் கடன் கொடுக்க வேண்டியிருந்தால் வாரிசுகளிடம் வந்து பெற்றுக்கொள்ளுங்கள் என்று. நானும் அங்கே நின்றேன். வாசலில் நின்ற எல்லாரும் எங்கள் ஊர்க்காரர். கேட்க வேண்டியவ அங்கே இல்லை.

"எனக்குத் தெரியும், சொல்ல வெட்கம்" என்றா உம்மா.

மகள் அதுவரை சுவரோடு சாய்ந்து நின்றாள். பிறகு ஓடாவியாரிடம் போய், மூடியின் உட்பக்கத்தை அப்படியே விட்டுவிடச் சொன்னாள். அவர் அதற்காகக் கூலியில் ஒன்றும் குறைக்கவில்லை.

அந்தக் கிராமத்திலிருந்து எங்கள் வலயத்தில் படிப்பிக்கிற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். சேவைக்காலப் பயிற்சிகளில் 10 வருடமாக அடுத்தடுத்த கதிரையில் இருக்கிறோம்; பாடத்திட்டத்தைத் தவிர வேறொன்றும் பேசியதில்லை. அவரிடம் கேட்டேன். பானை வனைகிற குடும்பங்கள் 90இல் இடம்பெயர்ந்துவிட்டன, சில திரும்பி வந்தன, இப்போது யாரும் வனைவதில்லை என்றார். அந்த அம்மாவின் பெயர் கேட்டார். உம்மாவுக்கும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அவ 'பானைக்காரம்மா' மட்டும்தான். எத்தனையோ வருடம் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டவ. "விசாரித்துப் பார்ப்பம் சேர்" என்றார் அவர். பெரும்போக வெட்டில் 7 பானை நெல்லை ஒதுக்கி வைக்கச் சொல்லி ராத்தா ஆளனுப்பியிருந்தா. மூட்டையில் கட்டி என் வீட்டில் வைத்திருக்கிறேன்.

சென்ற மாதம் மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். படிக்கத்துச் செடியை யாரும் கண்டுகொள்ளவில்லை. திரைச்சீலையைத் தொட்டுப் பார்த்து மருதமுனையா என்று கேட்டார்கள். பெட்டகத்தில் மெத்தைமேல் இருந்த சம்பந்தி அம்மா எழுந்து, மெத்தையை எடுத்துவிட்டு மூடியைத் தூக்கிப் பார்த்தா. "இவ்வளவு செலவழிச்சிட்டு உள்ளுக்குத் துடைக்கலியா மகள்?" என்றா.

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு, "அது எங்கட கடன் மாமி" என்றாள்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் வீட்டுக்கு எடுத்த வங்கிக் கடனைத்தான் சொல்கிறாள் என்று சம்பந்தி நினைத்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, தேத்தண்ணி ஆறுது என்றார்.