வண்டு மாதிரி கத்தின சார்ஜர்

எங்க அபார்ட்மெண்ட் நைட் வாட்ச்மேன் அண்ணனோட பேட்டரி ஸ்கூட்டர் சார்ஜர் மண்டையைப் போட்டுடுச்சு. டூட்டி முடிஞ்சு வீட்டுக்கு ஏழு கிலோமீட்டர், மூணு நாளா நடந்தே போறார். "ரிப்பேர் ஆகாதாம் தம்பி, புதுசு 2200 ரூவாயாம்"னார். அவர் சம்பளத்துல அது எவ்ளோ பெரிய தொகைன்னு உங்களுக்கே தெரியும். "குடுங்கண்ணே, பிரிச்சுப் பாக்குறேன்"னு வாங்கிட்டு வந்துட்டேன். பொட்டி தட்டுறவனுக்கு எதுக்குடா இந்த வேலைன்னு வீட்டுல வழக்கமான அர்ச்சனை. ஹி ஹி.

அவர் சொன்னதுல ஒரு நல்ல க்ளூ இருந்துச்சு. ஒரு மாசமாவே உடனே ஆன் ஆகாதாம். கொஞ்ச நேரம் 'டிக்டிக்டிக்'னு வண்டு மாதிரி கத்திட்டு, சூடானப்புறம் ஆன் ஆகுமாம். இப்ப வெறும் வண்டு மட்டும்தான்.

பிரிச்சா, நிறைய மலிவு சார்ஜர்கள்ல இருக்குற நம்ம பழைய யூசி 3842 ஐசி. ஃப்யூஸ் நல்லா இருக்கு. சீரிஸ்ல ஒரு 60 வாட் குண்டு பல்பைப் போட்டு கரண்ட் குடுத்தேன். பல்பு ஒரு செகண்ட் மின்னிட்டு அணைஞ்சிடுச்சு, அதாவது ஷார்ட் எதுவும் இல்ல. பெரிய கெபாசிட்டர்ல 320 வோல்ட் சொச்சம். சரியாத்தான் வருது. (ப்ளக்கைப் புடுங்கிட்டோமேன்னு உடனே கை வெச்சிடாதீங்க மக்களே. அந்தக் கெபாசிட்டர் ஒரு நிமிஷத்துக்கு மேலயும் ஆளைத் தூக்கி அடிக்கும். பல்பு வயரை அதுல வெச்சு இறக்கிட்டு, மீட்டர்ல பாத்துட்டுத் தொடுங்க.)

அடுத்து ஐசியோட ஏழாவது கால். மீட்டர் கறுப்பு வயரை அந்தப் பெரிய கெபாசிட்டரோட மைனஸ்லதான் வைக்கணும், பேட்டரி பக்க மைனஸ்ல வெச்சா ரீடிங்குக்கு அர்த்தமே இல்ல. பாத்தா 11, 14, 12, 15ன்னு ஒரு இடத்துல நிக்காம ஆடுது!

இங்கதான் விஷயம். இந்த ஐசி முழிக்கிறதுக்கு 16 வோல்ட் வேணும், 10க்குக் கீழ போனா படுத்துடும். முழிக்க 1 மில்லிஆம்ப் போதும், அதை ஹைவோல்டேஜ்லேர்ந்து 300 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியா சொட்டு சொட்டா ஒரு சின்ன கெபாசிட்டர்ல சேக்குறாங்க. ஆனா முழிச்சப்புறம் அதுக்குப் பதினஞ்சு மில்லிஆம்ப் மாதிரி வேணும். ட்ரான்ஸ்ஃபார்மரோட தனிச்சுத்து கரண்ட் குடுக்க ஆரம்பிக்கிற வரைக்கும் அந்தச் சின்ன கெபாசிட்டர் தான் சோறு போடணும். நம்ம பாஷைல சொன்னா, பூட் ஆகுறதுக்குள்ள க்ராஷ், ரீஸ்டார்ட், மறுபடி க்ராஷ்.

வோல்ட் ஆடுதுன்னா ரெசிஸ்டர் உயிரோடதான் இருக்கு. அது போயிருந்தா சுத்தமா பூஜ்யம்தான் காட்டியிருக்கும். தனிச்சுத்தோட டயோடும் ஓகே, அவுட்புட்லயும் ஷார்ட் இல்ல. மிச்சம் அந்தக் கெபாசிட்டர். மேல 47 மைக்ரோ ஃபாரட்னு எழுதியிருக்கு, கழட்டி அளந்தா 6! உப்பலும் இல்ல ஒழுகலும் இல்ல, பாக்க புது மாப்பிள்ளை மாதிரி இருக்கு. கணக்கு போட்டுப் பாத்தேன். 47 இருந்தா 16லேர்ந்து 10 வோல்ட் இறங்க சுமார் 19 மில்லி செகண்ட், 6 இருந்தா ரெண்டரை கூட இல்ல. அதுக்குள்ள அவுட்புட் எங்க எழும்பப் போகுது?

காஞ்சு போனதுக்குக் காரணமும் அங்கேயே இருக்கு. சூடாகுற ரெசிஸ்டரை ஒட்டியே நட்டிருக்கான் புண்ணியவான். ரிச்சி ஸ்ட்ரீட்ல அஞ்சு ரூவாய்க்கு 47 மைக்ரோ, 50 வோல்ட், 105 டிகிரி தாங்குறதா வாங்கி, ப்ளஸ் மைனஸ் பாத்து, காலை நீட்டிவிட்டு ரெசிஸ்டரை விட்டுத் தள்ளி சாச்சு வெச்சேன்.

ஒரு செகண்ட் சத்தமே இல்ல. அப்புறம் பச்சை லைட். ராத்திரி அண்ணன் ஸ்கூட்டர்ல மாட்டினதும் சிவப்பாகி ஃபேன் சுத்திச்சு. "எவ்ளோ தம்பி?"ன்னார். அஞ்சு ரூவாண்ணேன்னேன். நம்பாம ரெண்டு தடவை கேட்டுட்டு, டீ வாங்கிக் குடுத்தார்.