சோழிங்கநல்லூரில் ஆறு வித்தியாசம்!

ஞாயித்துக்கிழமை பேப்பர் வந்ததும் முதல்ல எந்தப் பக்கத்தைத் திருப்புவீங்க? பக்கத்துப் பக்கத்துல ரெண்டு படம் போட்டு, 'ஆறு வித்தியாசங்களைக் கண்டுபிடி'ன்னு இருக்குமே, அதைத்தானே? அதையே முழு நேர வேலையா, மெஷினை வெச்சுப் பண்ற ஒரு இடம் ஓ.எம்.ஆர்-ல இருக்கு. வாங்க, ஒரு ரவுண்ட் போயிட்டு வரலாம்.

மத்திய கைலாஷ்ல கேளம்பாக்கம் பஸ் ஏறி, வலது பக்க ஜன்னல் சீட்டைப் பிடிச்சுக்கங்க. முதல்ல டைடல் பார்க். 2000-ல் திறந்தது, அதாவது நம்மில் பல பேருக்கு அண்ணன்! அப்புறம் கந்தன்சாவடி, பெருங்குடி, துரைப்பாக்கம்னு கண்ணாடிக் கட்டடங்களா வரும். அதுக்குப் பின்னால் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் இருக்கு. 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம். ஆனா பஸ்ல இருந்து எட்டிப் பார்த்தா கண்ணாடியும் ஹாஸ்டல் போர்டும்தான் தெரியும்.

சோழிங்கநல்லூர் சிக்னல்ல இறங்கி, டீக்கடை தாண்டினா நான் இன்டர்ன்ஷிப் பண்ற ஆபீஸ். உள்ளே நுழைஞ்சதும் ஏ.சி. குளிர்ல பல் தந்தியடிக்கும். சுவர் ஓரமா ஒரு ரேக், அதில் வரிசையா போன்கள். புதுசு, பழசு, ஓரம் உடைஞ்சதுன்னு எல்லாம் சார்ஜர் வயரோட தொங்கும். ராத்திரி யாரும் இல்லாத நேரத்துல அதெல்லாம் தானா கண் முழிச்சு, ஆப்பைத் திறந்து, பட்டனை அமுக்கி, ஸ்க்ரீனைப் படம் பிடிச்சு வைக்கும். முதல் தடவை பார்க்கிறவங்களுக்கு ஜெகன்மோகினி எஃபெக்ட்தான்!

பட்டனை அமுக்கிப் பார்க்கிற புரோகிராம் புதுசு இல்லை. 2004-லேயே சிகாகோவில் ஜேசன் ஹக்கின்ஸ் செலினியத்தை உருவாக்கிட்டார். (அப்போ போட்டிக் கம்பெனி பேர் மெர்க்குரி. பாதரச விஷத்துக்கு செலினியம் மருந்துன்னு அடிச்ச ஜோக்தான் பேரா நின்னுடுச்சு.) ஆனா அந்த மாதிரி புரோகிராம் 'பட்டன் இருக்கா?'ன்னு கேட்கும், 'இருக்கு'ன்னு பதில் வந்தா பாஸ் போட்டுடும். வெள்ளைப் பட்டன்ல வெள்ளை எழுத்தா இருந்தாலும் பாஸ். தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வந்தாலும் பாஸ். 'சப்மிட்' இருந்த இடத்துல 'சமர்ப்பிக்கவும்' வந்து, பாதி வார்த்தை பட்டனுக்கு வெளியே தொங்கினாலும் பாஸ்தான்! கண்ணால் பார்த்தாதானே தெரியும்? அதுக்குத்தான் படம். 'இதுதான் சரி'ன்னு ஓகே பண்ணின பழைய படத்தையும் நேத்து ராத்திரி எடுத்த படத்தையும், பிக்செல் பிக்செல்லா ஒப்பிடுவாங்க.

சுலபம்னு நினைக்கிறீங்களா? நானும் கூட வர்றேன், அந்த ரிப்போர்ட்டைத் திறங்க. ஒரே பக்கம், ஒரே எழுத்து. விண்டோஸ்ல ஒரு மாதிரி, லினக்ஸ்ல ஒரு மாதிரி ஓரம் மழுங்கியிருக்கும். நம்ம கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு, மெஷினுக்கு ஊரே பத்தி எரியுது. போதாததுக்கு மேலே கடிகாரம், நடுவுல விளம்பரம், மினுக்குற கர்சர். ஓ.எம்.ஆர்-ல மெட்ரோ வேலை ஆரம்பிச்சதிலிருந்து தினமும் ஒரு போட்டோ எடுத்து ஒப்பிட்டுப் பாருங்க, தடுப்பு இடம் மாறினதே ஆயிரம் வித்தியாசம் வரும். அந்தக் கதைதான்.

இதுக்கெல்லாம் வைத்தியம் இருக்கு. ப்ளேரைட்னு ஒரு டூல், அனிமேஷனை நிறுத்தி, கர்சரை மறைச்சு, அடுத்தடுத்து எடுத்த ரெண்டு படம் ஒண்ணா இருக்கிற வரைக்கும் காத்திருந்துதான் ஒப்பிடவே ஆரம்பிக்கும். லினக்ஸ் படம், விண்டோஸ் படம்னு ஃபைல் பேரிலேயே பிரிச்சு வெச்சிடும். கடிகாரம், விளம்பரத்தை நாமே கறுப்புத் துணி போட்ட மாதிரி மூடிடலாம்.

அப்பவும் மிச்சம் வரும். 'ஒரு சதவீதம் வரைக்கும் வித்தியாசம் இருந்தா விட்டுடு'ன்னு ஒரு செட்டிங் வைக்கலாமேன்னு எல்லாருக்கும் தோணும். இங்கேதான் பாஸ் கணக்குப் போட்டுப் பார்க்கணும். 1280-க்கு 720 ஸ்க்ரீன்ல மொத்தம் 9,21,600 பிக்செல். அதில் ஒரு சதவீதம் 9,216. ஒரு மெய்யெழுத்தின் புள்ளிக்கு மூணுக்கு மூணு, ஒன்பது பிக்செல்னு வெச்சுக்கங்க. ஆக, 1,024 புள்ளி காணாமப் போனாலும் டெஸ்ட் பாஸ்! 'பட்டம்' 'படடம்' ஆகும், மெஷின் வாயைத் திறக்காது. பில் தொகை 150.00-ல் நடுப்புள்ளி மறைஞ்சு 15000-னு தெரிஞ்சாலும் அதே கதைதான். பக்கத்து பட்டனின் நிழல் ஒரு இழை தள்ளிப் போனதுக்குக் கூப்பாடு போட்ட அதே மெஷின்!

செட்டிங்கை இறுக்கினா காலையில் நூறு சிவப்பு. நூறையும் பார்க்கப் பொறுமையில்லாம மொத்தமா 'ஓகே' தட்டினா, அதுக்குள்ள இருந்த ஒரு நிஜமான தப்பும் நாளையிலிருந்து 'சரியான படம்' ஆயிடும். அப்புறம் யாராவது அதைச் சரி பண்ணினா, அவங்க பண்ணினதைத்தான் மெஷின் தப்புன்னு சொல்லும். எனக்கு இந்த வேலையிலேயே பயமா இருக்கிற இடம் இதுதான்.

எங்க டீம் சீனியர் அக்கா ஒரு வழி வெச்சிருக்காங்க. தொகை, பேர், தேதி இருக்கிற இடங்களைத் தனித்தனியா வெட்டி, அதுக்கு மட்டும் சலுகை பூஜ்யம். மத்த இடத்துக்குத்தான் கொஞ்சம் தாராளம். தினமும் காலையில் காபியோட உட்கார்ந்து, ஒவ்வொரு சிவப்பையும் பெருசு பண்ணிப் பார்ப்பாங்க. "அவசரப்படாத தம்பி, இந்த ஸ்க்ரீனை யாரோ வயசானவங்க பார்த்துப் பணம் கட்டப்போறாங்க"ன்னு சொல்லிட்டுத்தான் அடுத்த படத்துக்கே போவாங்க.

ஐ.டி. கார்டு இல்லாம உங்களை உள்ளே விடமாட்டாங்க. அதனால என்ன? ப்ளேரைட் இலவசம். உங்க ப்ராஜெக்ட் பக்கத்தையே ஹாஸ்டல் ரூம்ல ஓட்டிப் பாருங்க. முதல் ரன் ஃபெயில்னு வரும், பதறாதீங்க. ஒப்பிட பழைய படமே இல்லையே! ரெண்டாவது ரன்ல இருந்துதான் ஆட்டம் ஆரம்பம்.