வீட்டை இடித்த கதை

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். "வீட்டை இடித்துப் பார்" என்று ஏன் சேர்க்காமல் விட்டார்களோ தெரியவில்லை. வீடு தானாக விழும் வரையில் அதற்குள்ளேயே குடியிருந்துவிடுவது அவர்கள் வழக்கம் போலும்!

எங்கள் வீடு அந்த நிலைமைக்குத்தான் வந்திருந்தது. பழைய தஞ்சை ஜில்லாவில் காவேரிக் கரைப் பட்டணம் ஒன்றில் என் பாட்டனார் கட்டியது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லையில் கிணறு. கூடத்துக்கு மேலே தேக்கு உத்திரங்கள் தாங்கிய மட்டப்பா. மற்ற இடமெல்லாம் நாட்டு ஓடு. 2022-ஆம் வருஷத்து ஐப்பசி மழையில் உத்திரம் ஒன்றின் நுனி செல்லரித்துச் சுவரிலிருந்து நாலு விரற்கடை இறங்கிவிட்டது. இனி அதற்குள் ஒருவரைக் குடிவைப்பது பாவம் என்று எனக்குப் பட்டது.

இடிப்பதற்கு முன்னால் எத்தனை காகிதம் என்கிறீர்கள்! முதலில் என் இரண்டு சகோதரிகளின் கையெழுத்து. தமிழ்நாட்டில் 1989-லிருந்தும், தேசம் முழுவதும் 2005-லிருந்தும், பூர்விகச் சொத்தில் பெண்களுக்கும் பிள்ளைகளைப் போலவே பாத்தியதை உண்டு. மூத்தவள் உடனே கையெழுத்திட்டாள். இளையவள் கூடத்து ஊஞ்சல் தனக்கு வேண்டும் என்றாள். அது கிடைக்கும் என்று சத்தியம் செய்து கொடுத்த பிறகே பேனாவை எடுத்தாள். பிறகு பத்திரம், வரி ரசீது, வரைபடம் சகிதமாக நகராட்சியில் விண்ணப்பம் கொடுத்தேன்.

இந்த இடத்தில் கோவில் நகரத்து நேயர்களுக்கு ஒரு வார்த்தை. மத்தியத் தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் உள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் உங்கள் வீடு இருந்தால், கடப்பாரையைத் தொடுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். அந்த எல்லைக்குள் பழைய வீட்டைப் பழுது பார்க்க அனுமதி கேட்கலாம். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வழியில்லை. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரையில் அனுமதி பெற்றுத்தான் கட்டலாம். தாராசுரம் போன்ற ஊர்களில் இது விளையாட்டு விஷயம் அல்ல. நல்ல வேளையாக எங்கள் தெருக்கோவில் அந்தப் பட்டியலில் இல்லை.

மின்சார வாரியத்தாரிடம் சொல்லி, மீட்டரை மட்டும் அன்றிக் கம்பத்திலிருந்து வரும் கம்பியையே எடுக்கச் செய்தேன். குடிநீர்க் குழாயைத் தெருவிலேயே அடைத்தார்கள். கொல்லைக் கிணற்றுக்குக் கனத்த பலகை மூடி போட்டாயிற்று. எல்லாம் சரியாகச் செய்துவிட்டோம் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்துவிட்டது.

ஆனால் இடிக்கும் ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கோட்டை விட்டேன். பழைய மரம் வாங்கும் ஒருவர் வந்தார். "இடிக்கிற கூலி உங்களுக்கு வேண்டாம். மரத்தையும் நிலைகளையும் எனக்கு விட்டுவிடுங்கள், மேற்கொண்டு நான் உங்களுக்குப் பணம் தருகிறேன்" என்றார். வீட்டை இடிப்பதற்கு நமக்கே பணம் கொடுக்கும் புண்ணியவானை யார் வேண்டாம் என்பார்கள்? ஊஞ்சலை மட்டும் எடுத்து வைத்துக் கொண்டு சம்மதித்தேன்.

அவருக்கு வேண்டியது மரம். ஆகையால் அவருடைய ஆட்கள் முதலில் மரத்துக்குப் போனார்கள். மட்டப்பா என்பது உத்திரங்களின்மேல் சிறு செங்கல்லைக் குத்துவாட்டில் சுண்ணாம்புச் சாந்து வைத்து அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, மேலே தட்டோடு பதித்தது. அவ்வளவு பாரமும் தலைமேல் இருக்கும்போதே அவர்கள் கீழிருந்து உத்திரத்தின் நுனியை அறுத்தார்கள். மாலைக்குள் மட்டப்பாவின் பாதி ஒரே பாளமாகக் கீழே வந்தது. "வேலை சுருக்காக முடிகிறது" என்றார் வியாபாரி. நானும் தலையை ஆட்டினேன்.

மூன்றாம் நாள் ரேழிச் சுவரின் அடியைக் கடப்பாரையால் கெல்லி, உச்சியில் கயிறு கட்டி இழுத்தார்கள். எங்கள் பக்கத்துப் பழைய சுவர்கள் வெளியே சுண்ணாம்புப் பூச்சு. உள்ளே களிமண் சாந்துதான். மேலே கூரையும் உத்திரமும் கட்டிப் பிடித்திருக்கும் வரையில் நிற்கும். பிடிப்புப் போனபின் அதற்குத் திசை கிடையாது. முற்றத்தின் பக்கம் விழ வேண்டிய சுவர் திண்ணைப் பக்கம் விழுந்தது. இரண்டு சித்தாள் பெண்கள் அதுவரையில் அந்தத் திண்ணையில்தான் உட்கார்ந்து ஓடு பொறுக்கிக் கொண்டிருந்தார்கள். சற்று முன்புதான் தேநீர் குடிக்க எழுந்து போயிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி திரும்பி வந்து, புழுதிக்குள் நசுங்கிக் கிடந்த தன் தூக்குச் சட்டியைப் பார்த்துக் கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றாள். அப்போது என் சட்டைப் பையில் வியாபாரி கொடுத்த முன்பணம் இருந்தது.

அதே சமயம் அடுத்த வீட்டுப் பாட்டி வாசலுக்கு வந்தாள். "தம்பி, எங்க கூடத்துச் சுவத்துல விரல் நுழையற மாதிரி வெடிச்சிருக்கு. வந்து பாரு" என்றாள்.

அன்றோடு வேலையை நிறுத்தினேன். வியாபாரியின் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். தேடிப் பிடித்து ஒரு கிழ மேஸ்திரியை அழைத்து வந்தேன். அவர் வீட்டைச் சுற்றி இரண்டு முறை நடந்தார்.

"ஐயா, கட்டுறப்போ எது கடைசியா வந்துச்சோ, இடிக்கிறப்போ அதுதான் முதல்ல போவணும். அவ்வளவுதான் வித்தை" என்றார்.

இந்தியத் தர நிர்ணயத்தார் ஐ.எஸ். 4130 என்று இடிப்பு வேலைக்கென்றே வெளியிட்டிருக்கும் விதித் தொகுப்பைப் பிறகு வாசித்தேன். மேலிருந்து கீழே, தளம் தளமாக வா என்றுதான் அதுவும் சொல்கிறது. மேஸ்திரி அதைப் படித்தவர் அல்ல.

அவர் முதலில் பாட்டியின் சுவரைக் கவனித்தார். அது பொதுச்சுவர். இரண்டு வீட்டு உத்திரங்களும் இரு புறத்திலிருந்தும் அதில்தான் உட்கார்ந்திருந்தன. எங்கள் பக்கத்துப் பாரத்தை எடுத்துவிட்டால், பாட்டி வீட்டுக் கூரை மட்டும் அதன்மேல் ஒருதலையாக அழுத்தும். எங்கள் பக்கத்திலோ அணைப்பு இராது. ஆகவே சவுக்குக் கட்டைகளைச் சாய்வாக நிறுத்தி, அடியில் முளை அடித்து முட்டுக் கொடுத்தார். அதன் பிறகே மீதி உத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எடுத்த பொந்தை அன்றன்றே செங்கல் வைத்து அடைத்தார். இது தர்மம் மட்டும் அல்ல, சட்டமும்கூட. 20 வருஷம் தடையின்றிப் பக்கத்து வீட்டின் தாங்குதலைப் பெற்ற கட்டிடத்துக்கு அது உரிமையாகவே ஆகிவிடும் என்று 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் கூறுகிறது. பாட்டி அந்தச் சட்டத்தைக் கேள்விப்பட்டதில்லை. கேள்விப்பட்டிருந்தால் நான் கோர்ட்டில் நின்றிருப்பேன்.

பிறகு ஓடு, ரீப்பர், கைமரம். மட்டப்பாவின் தட்டோடு, காரை, குத்துச் செங்கல், கடைசியில் உத்திரம். சுவரை மேலிருந்து வரிசை வரிசையாகப் பிரித்தார்கள். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கினார்கள். மாட்டுக் கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை உடைக்கவே விடவில்லை. நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுசாக இறக்கினார்கள். அதன் தூள் நுரையீரலுக்குப் பரம சத்துரு. தெருப்பக்கம் தகரத் தடுப்பு. இரவில் சிவப்பு விளக்கு.

பத்து நாளில் முடிய வேண்டியது ஐந்து வாரமாயிற்று. சித்திரைக் கோடை மழை வந்தால் கூரையில்லாத மண்சாந்துச் சுவர் ஊறிப் போகுமே என்று நான் வானத்தைப் பார்த்துக் கொண்டிருந்தேன். நல்ல வேளை, மழை பிந்திற்று. களிமண்ணில் கட்டியதனால் செங்கல் பெரும்பாலும் முழுசாகவே கழன்றது. தேக்கை விற்ற பணம் கூலிக்குச் சரியாகப் போயிற்று; கையில் நின்றது ஒன்றுமில்லை. சித்தாளுக்கு ஒரு புதுத் தூக்குச் சட்டி வாங்கிக் கொடுத்தேன். அவள் அதை வாங்கிக் கொண்டாள். ஆனால் திண்ணை இருந்த பக்கம் கடைசி வரையில் அவள் உட்காரவே இல்லை.

கடைசி நாளன்று பொதுச்சுவர் மட்டும் வெட்டவெளியில் நின்றது. வெடிப்பை அடைத்துச் சுண்ணாம்பு பூசிக் கொண்டே வந்த மேஸ்திரி, எங்கள் கூடத்து விளக்கு மாடம் அதில் அப்படியே இருப்பதைக் கண்டு கையை நிறுத்தினார்.

"அடைச்சுடலாமா, ஐயா?" என்று கேட்டார்.

நான் பாட்டியைப் பார்த்தேன். "எண்ணெய்க்கறையைத் தேய்ச்சு எடுத்துட்டு அப்படியே விடச் சொல்லு. நீ புது வீடு கட்ட மாட்டியா?" என்றாள். மேஸ்திரி மாடத்தைச் சுற்றிப் பூசிக் கொண்டு போனார்.