எத்தனை படி?

கடலை ஒரே தாவாகத் தாவியவர் அனுமார். அவருடைய பெருமையைக் குறைத்துச் சொல்லும் உத்தேசம் எனக்குக் கொஞ்சமும் கிடையாது. ஆனாலும் ஒரு விஷயத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அவர் தாவிய போது எதிரே மணல் லாரி வரவில்லை. பக்கவாட்டில் மோட்டார் சைக்கிள் நுழையவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்து யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. சென்னைக்குத் தெற்கே பேட்டைகளில் வசிக்கும் எங்களுக்கோ இவை அத்தனையும் தினசரி உண்டு. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை நாங்கள் ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டியாக வேண்டும்.

கிண்டி கத்திப்பாராவிலிருந்து புறப்பட்டு விமான நிலையம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று தெற்கே ஓடுகிறது இந்தச் சாலை. திருச்சிக்கும் மதுரைக்கும் போகிற பஸ்களுக்கு இதுதான் ராஜபாட்டை. ரயில் பாதையும் விடாப்பிடியாகக் கூடவே ஓடுகிறது. ஆகவே எங்கள் பேட்டைகள் இரண்டாகப் பிளந்து கிடக்கின்றன. வீடு ஒரு பக்கம் என்றால் ஸ்டேஷன் மறு பக்கம். காய்கறிக் கடை இங்கே என்றால் டாக்டர் அங்கே.

இது வேடிக்கை விஷயமல்ல. மத்திய சர்க்காரின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் வெறுமனே நடந்து போனவர்கள். பெட்ரோலும் போடாமல், வேகமும் போகாமல், யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாமல் நடந்தவர்கள்!

எனவே எங்கள் பேட்டையில் ஒரு நடை மேம்பாலம் கேட்டு மனுப் போடுவது என்று முடிவாயிற்று. அதற்காகப் பெரியவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடினார்கள். நான் பத்திரிகைக்காரன் என்பதால், "நாலு வரி உருக்கமாக நீங்களே எழுதிவிடுங்கள், ஸார்!" என்று பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். பாலம் வேண்டும் என்பதில் அபிப்பிராய பேதமே இல்லை. எங்கே என்று கேட்டவுடன்தான் கூட்டம் களை கட்டியது. ஜவுளிக் கடைக்காரருக்குத் தம் கடைப் பெயர்ப் பலகை மறையக் கூடாது. கல்யாண மண்டபத்துக்காரருக்குக் கார் நிறுத்தும் இடம் போகக் கூடாது. கடைசியில் யாருக்கும் ஆட்சேபணை இல்லாத ஓர் இடம் கிடைத்தது. ஸ்டேஷன் சந்துக்கு நேர் எதிரே அல்ல. அங்கிருந்து இருநூறு மீட்டர் தள்ளி, கடையோ வீடோ இல்லாத ஒரு காலி மனை ஓரத்தில்!

அன்றிரவு நான் மனுவை எழுத உட்கார்ந்தேன். என் தாயாருக்கு எழுபத்து மூன்று வயது. இரண்டு முழங்காலிலும் வலி. சாலைக்கு அப்பால் இருக்கும் பெருமாள் கோயிலுக்குச் சனிக்கிழமை தவறாமல் போய் வருகிறவர். அவர் பக்கத்தில் வந்து நின்று, "ஏண்டா, அந்தப் பாலத்துக்கு எத்தனை படி?" என்று கேட்டார்.

கூட்டத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி இது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரிய லாரிகள் இடிக்காமல் போவதற்குச் சாலைக்கும் பாலத்துக்கும் இடையே ஐந்தரை மீட்டர் இடைவெளி வேண்டும். அதற்கு மேல் உத்தரம், தளம் எல்லாம் சேர்ந்து ஒரு மீட்டர். ஆக ஆறரை மீட்டர். ஏறக்குறைய இரண்டு மாடி உயரம். ஒரு படி பதினைந்து சென்டிமீட்டர் என்றால் நாற்பத்து மூன்று படி ஏற வேண்டும், நாற்பத்து மூன்று படி இறங்க வேண்டும். போக வர மொத்தம் 172 படிகள்.

"அப்படியானால் பாலம் வந்த பிறகு பெருமாளை இங்கிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு அம்மா படுக்கப் போய்விட்டார்.

என் பேனா ஓடவில்லை. சாலையைத் தாண்டுவதற்காகக் கேட்கும் பாலம், ஒரு கிழவியை வீட்டோடு நிறுத்திவிடும் என்றால் அது என்ன பாலம்? முழங்கால் வலிக்காரர்கள் மட்டுமா? கைக்குழந்தைக்காரி, கூடை சுமக்கும் பூக்காரி, கோல் ஊன்றி நடப்பவர், சக்கர நாற்காலியில் வருபவர், எல்லாருக்கும் இதே கதிதான்.

சரி, கால் திடமாக உள்ளவர்களாவது ஏறுவார்களா? பிரிட்டனில் மூர், ஓல்டர் என்ற இருவர் இதை ஆராய்ந்து 1965-லேயே வெளியிட்டிருக்கிறார்கள். கீழே குறுக்கே கடக்கும் நேரமும் மேலே பாலத்தில் போகும் நேரமும் சமமாக இருந்தால் நூற்றுக்கு எழுபது பேர் பாலத்தில் ஏறுகிறார்கள். பாலத்து வழி ஒன்றரை மடங்கு நேரம் பிடித்தாலோ, ஏறுகிறவர்கள் அநேகமாக யாருமில்லை! ஜனங்களுக்குப் புத்தி இல்லை என்று கோபிப்பதில் பயனில்லை. ரயிலைப் பிடிக்க ஓடுகிறவனின் கால், தனக்குக் கிட்டிய வழியில்தான் போகும்.

அந்த இருநூறு மீட்டரை இப்போது நினைத்துப் பாருங்கள். ஸ்டேஷன் சந்திலிருந்து வருகிறவன் இருநூறு மீட்டர் நடந்து, ஏறி, இறங்கி, மறுபடி இருநூறு மீட்டர் திரும்பி வருவானா? அடுத்த இரண்டு நாட்கள் நானே நோட்டுப் புத்தகத்துடன் சாலை ஓரத்தில் நின்று பார்த்தேன். தாண்டுகிறவர்களில் பெரும்பாலோர் சந்துக்கு நேர் எதிரே, நடுச் சுவரில் விட்டிருக்கும் இடைவெளி வழியாகத்தான் தாண்டினார்கள். பாலம் கட்ட வேண்டிய இடத்தை ஜனங்களின் கால்களே குறித்து வைத்திருக்கின்றன!

சரியான இடத்தில் கட்டினால் மனிதர்கள் ஏறத்தான் செய்வார்கள். மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பஸ் நிலையத்தையும் இணைத்து 2023 மே மாதம் திறந்த நடைபாதையைப் பாருங்கள். நீளம் 570 மீட்டர். ரயிலை விட்டு இறங்குகிறவர் போக நினைக்கும் இடத்துக்கே அது போகிறது. எங்கள் பேட்டையிலும் ரயில்வே மேம்பாலத்தை அப்படியே சாலைக்கு மேலும் நீட்டிவிட்டால், பிரயாணிகள் ஒரு தடவை இறங்கி மறுபடி ஏற வேண்டிய அவசியமே இராது.

"சிக்னல் வைத்தால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நெடுஞ்சாலையில் வேகமாக வரும் வண்டிகளைத் திடீரென்று நிறுத்துவதிலும் ஆபத்து உண்டு என்பது வாஸ்தவம். ஆனால் முன்கூட்டியே வேகத்தைக் குறைக்கச் செய்து நிறுத்தலாம் அல்லவா? முப்பது மீட்டர் அகலமுள்ள சாலையைச் சாதாரண மனிதன் இருபத்தைந்து விநாடியில் கடப்பான். என் தாயாரைப் போன்றவர்களுக்கு நாற்பது விநாடி ஆகும். கார்க்காரர் நாற்பது விநாடி நிற்பதா, கிழவி 172 படி ஏறி இறங்குவதா? இந்தக் கேள்வியை இதுவரை கார்க்காரர்களே தீர்மானித்து வந்திருக்கிறார்கள்.

மனுவைப் புதிதாக எழுதினேன். அதில் உருக்கம் இல்லை, மூன்றே வேண்டுகோள்கள். பாலம் ஸ்டேஷன் சந்துக்கு நேராக வர வேண்டும். இரண்டு பக்கமும் லிஃப்ட் வேண்டும். மின்சாரம் போனாலும் ஓட ஜெனரேட்டரும், காலை முதல் கடைசி ரயில் வரை கவனித்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும். பாலம் முடியும் வரையில் நாற்பது விநாடி சிக்னல் வேண்டும். ஜவுளிக் கடைக்காரர் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சந்துக்கு எதிரே பாலம் இறங்கினால் கூட்டமும் அங்கேதான் இறங்கும் என்று யாரோ சொன்ன பிறகு, அவரே கையெழுத்துச் சேகரிக்கக் கிளம்பிவிட்டார்!

உங்கள் ஊரிலும் நெடுஞ்சாலை ஓடலாம். பாலத்துக்குப் படம் போட்டு உத்தியோகஸ்தர்கள் கொண்டு வரலாம். படம் மிக அழகாகவே இருக்கும். அதைப் பார்த்துக் கை தட்டுவதற்கு முன், வீட்டில் வயதானவர்கள் யாராவது இருந்தால் அவர்களையும் கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள். எத்தனை படி என்று அவர்கள் கேட்பார்கள். பதில் வரும் வரையில் கையெழுத்துப் போடாதீர்கள்.