அப்பாவின் சைக்கிளுக்குப் புது வர்ணமா?

உங்கள் வீட்டுப் பின்புறத்திலோ உறவினர் வீட்டுக் கொட்டகையிலோ பழைய சைக்கிள் ஒன்று துருவேறிச் சாய்ந்து கிடக்கிறதா? "இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்குது, தூக்கிப் போடுங்க" என்று வீட்டில் யாராவது முணுமுணுக்கிறார்களா? பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

நான் பத்துமலையில் குடியிருப்பவன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், பழைய சைக்கிள்களைப் பிரித்துத் துருநீக்கி, வர்ணம் பூசி, மறுபடியும் ஓட வைப்பதுதான் என் பொழுதுபோக்கு. "இந்த வயசில இது என்ன விளையாட்டு?" என்று கேட்பவர்கள் உண்டு. விளையாட்டுத்தான், ஆனால் வெறும் விளையாட்டு அல்ல.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாம் குடியிருந்த லயம் தோட்டத்துக்குச் சொந்தம். நாம் வெட்டிய மரம் கம்பெனிக்குச் சொந்தம். 'இது என்னுடையது' என்று நம் பெரியவர்கள் தொட்டுச் சொன்ன முதல் பெரிய சொத்து, பலருக்கும் ஒரு சைக்கிள்தான். மாதாமாதம் கூட்டு கட்டி, தங்கள் முறை வரும்வரை காத்திருந்து வாங்கினார்கள். கருக்கலில் பெரட்டுக்குப் போனது அதில்தான். கேரியரின் இரு பக்கமும் பால் டின்களைத் தொங்கவிட்டு ஸ்டோருக்கு வந்தது அதில்தான். மருத்துவச்சியை அழைத்து வரவும், அடுத்த தோட்டத்துக்குத் துக்கச் செய்தி சொல்லவும் அதே வண்டிதான் ஓடியது.

அந்த வண்டி ஒரு போரையும் பார்த்தது. 1941 டிசம்பர் 8-ஆம் தேதி கோத்தாபாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, 1942 ஜனவரி 11-ஆம் தேதி கோலாலம்பூருக்குள் நுழைந்துவிட்டது. அந்த வேகத்துக்கு சைக்கிள் ஒரு முக்கியக் காரணம். ஊர் மக்களிடமிருந்து பிடுங்கிய வண்டிகளிலும் சிப்பாய்கள் வந்தார்கள். டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே தடதடவென்று ஓட்டினார்கள்.

பிறகு தோட்டங்களே மறையத் தொடங்கின. எங்கள் பக்கத்திலேயே பாருங்கள்: ஹாவ்தோர்ண்டன் தோட்டம் இருந்த இடத்தில் 1980-களில் வங்சா மாஜு நகரம் எழுந்தது. இப்படிப் பல தோட்டங்களிலிருந்து நம்மவர்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். படியேற முடியாதவற்றை விற்றுவிட்டார்கள். முதலில் மாடு போயிற்று, அடுத்தது சைக்கிள்.

சரி, கிடைத்த வண்டி எந்த ஊர்ப் பிறப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முன் பல்சக்கரத்தைத் துடைத்துப் பாருங்கள். கொக்கின் தலை தெரிந்தால் ராலே. விரித்த கை தெரிந்தால் ரட்ஜ். வரிசையாக மனித உருவங்கள் தெரிந்தால் ஹம்பர். மூன்றும் தனித்தனிக் கம்பெனிகளாகப் பிறந்தவை. 1932-இல் ஹம்பரையும் 1943-இல் ரட்ஜையும் ராலே தன்னோடு சேர்த்துக்கொண்டது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் ராலே சைக்கிள் செய்வது 2002-இல் நின்றுபோனது. ஆகவே நம் கொட்டகையில் கிடப்பது, அதன் பிறந்த ஊரிலேயே இனிமேல் பிறக்காத வண்டி!

பின்சக்கரத்தில் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் இருந்தால் இன்னும் அதிர்ஷ்டம். அதன் உருளையில் படிந்த அழுக்கை நீக்கினால் பெரும்பாலும் வருடத்தின் கடைசி இரண்டு எண்கள் பொறித்திருக்கும். 54 என்றிருந்தால் 1954. சக்கரத்தை இடையில் யாரும் மாற்றவில்லை என்றால் வண்டியின் வயதும் ஏறத்தாழ அதுதான்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் மண்ணெண்ணெய், பிறகு பொறுமை. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். துருப்பிடித்த மரையாணி மட்டும் அடிக்கு நகராது, எண்ணெய்க்குத்தான் நகரும். இரண்டு மூன்று நாள் சொட்டுச் சொட்டாக விட்டுக் காத்திருங்கள். இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழானது. மற்ற ஆணிகளைப் போல இடப்புறம் திருப்பினால் இன்னும் இறுகும். வலப்புறம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் மல்லுக்கட்டியவர்கள் ஏராளம்.

வெள்ளி முலாம் போன்ற குரோமியப் பகுதிகளுக்கு மணல்தாள் வேண்டாம், கீறிவிடும். சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். மேல்துரு கரைந்து வருவதைப் பார்க்கலாம். பழைய வர்ணத்தைச் சுரண்டும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. அந்தக் கால வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கலாம். நனைத்துத் தேயுங்கள், மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

வர்ணம் பூசக் காலை நேரமே நல்லது. மாலையில் மழை இருட்டிக்கொண்டு வந்தால் ஈரக்காற்றில் பளபளப்பு மங்கி வெளுத்துவிடும். அடியில் துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை. ஒன்று நன்றாகக் காய்ந்தபின் அடுத்தது. கடைசியில் நீள மயிர்த் தூரிகையால் பொன்னிறக் கோடு இழுப்பதுதான் கைத்திறன். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, 'வர்ணமே பூசாதீர்கள்' என்று சொன்னால் கோபித்துக்கொள்வீர்களா?

சென்ற ஆண்டு ஓர் அன்பர் தம் அப்பாவின் ராலே வண்டியைக் கொண்டுவந்தார். அப்பா பால்மரம் வெட்டியவர். காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. "அண்ணே, நல்ல சிவப்பா அடிச்சுக் கொடுங்க. பழைய சைக்கிள் ஊர்வலத்துக்குக் கொண்டுபோகணும்" என்றார். கூட வந்த அவருடைய அம்மா ஒன்றும் பேசவில்லை. வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். மேல் குழாயில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு வர்ணம் தேய்ந்து இரும்பு தெரிந்தது. அங்கே கை வைத்தார்.

"தம்பி, இந்த இடத்தில மட்டும் அடிக்காதீங்க. இவனை இங்கதான் உட்கார வச்சுப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போவாரு."

மகன் கொஞ்ச நேரம் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஆமாம்மா, குத்தாம இருக்கத் துண்டை மடிச்சுச் சுத்தி விடுவாரு" என்றார். சிவப்பு என்ற பேச்சு அதோடு நின்றுவிட்டது.

உள்ளே துரு அரித்த மட்கார்டுகளுக்கு மட்டும் கறுப்புப் பூசினேன். இரும்புக் குண்டுகளைப் புதிதாக மாற்றிக் கிரீஸ் வைத்தேன். பிரேமை மென்மையாகத் துடைத்து, ஈரம் ஏறாமலிருக்க மெழுகு தடவினேன். பால் டின் உராய்ந்து பளபளத்த கேரியரை அப்படியே விட்டேன்.

அதன்பிறகு யார் வண்டி கொண்டுவந்தாலும் ஸ்பேனரை எடுக்குமுன் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். இந்த வண்டியை ஓட்டியவர் யார்? அவர் கைபட்டுத் தேய்ந்த இடம் எது? துரு வண்டியைத் தின்னும். அதை நிறுத்தத்தான் வேண்டும். தேய்மானம் அப்படியல்ல. அது ஒரு மனிதர் உழைத்ததற்குச் சாட்சி. நம் பெரியவர்களுடைய உழைப்பை எழுதி வைத்த ஏடுகள் குறைவு. இந்த இரும்பில்தான் கொஞ்சம் எழுதியிருக்கிறது. சந்தையில் வாங்கிய, யாருடையது என்று தெரியாத வண்டிக்கு நீங்கள் விரும்பிய வர்ணம் அடியுங்கள், நானும் அடிக்கிறேன். சொந்த அப்பாவின் வண்டி என்றால் முதலில் அம்மாவைக் கேளுங்கள்.

மாடி வீட்டில் வைக்க இடமில்லையா? விற்பதற்கு முன் படமாவது எடுத்து வையுங்கள். பிரேமில் பொறித்த எண்ணையும், பழைய லைசென்ஸ் தகடு இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தத் தோட்டம், எத்தனை வருடம் ஓடியது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பாட்டி நினைவோடு இருக்கும்போதே கேட்டுவிடுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.