சிட்னியில் செய்த பெட்டிகள்

மோட்டார் சைக்கிளில் நெடும் பயணம் போகிறவர், வீட்டையே சில பெட்டிகளுக்குள் அடக்கியாக வேண்டும். எப்படிப்பட்ட பெட்டி ஏற்றது? இதற்கு விடை கண்டவர் ஒரு பெண் என்பதைச் சகோதரிகள் அறிய வேண்டும்.

லண்டனில் கட்டடக்கலை பயின்ற எல்ஸ்பெத் பியர்ட், 1982இல் தமது 23ஆம் வயதில், பழைய பீ.எம்.டபிள்யூ. மோட்டார் சைக்கிளொன்றில் தனியாக உலகைச் சுற்றப் புறப்பட்டார். வழியில் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஏழு மாதங்கள் தங்கி வேலை செய்தார். அங்கேதான் அலுமினியத் தகட்டை மடித்து, ரிவெட் அடித்து, பூட்டக்கூடிய பெட்டிகளைத் தம் கையாலேயே செய்துகொண்டார்.

ஏன் அலுமினியம்? பாரம் குறைவு, துருப்பிடிக்காது. வண்டி விழுந்தால் பிளாஸ்டிக் பெட்டி வெடித்துவிடலாம். அலுமினியத் தகடோ நெளியும். சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம். கடையில் வாங்குவோர், மழைநீர் புகாதபடி மூடியின் ஓரத்தில் றப்பர் பட்டி உண்டா எனப் பார்க்க வேண்டும். பாரமான பொருட்களை அடியில் வைத்து, இரு பக்கமும் நிறை சமமாக அடுக்க வேண்டும். இல்லையேல் வளைவுகளில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பெட்டியோடு கவனம் முடிந்துவிடுவதில்லை. சிங்கப்பூரில் பியர்டின் கடவுச்சீட்டும் ஆவணங்களும் களவு போயின. மீண்டும் பெற ஆறு வாரங்கள் சென்றன. ஆகவே, ஆவணங்களின் பிரதியொன்றை வேறிடத்தில் வைப்பதே புத்தி. அவர் மனந்தளரவில்லை, 1984இல் பயணத்தை நிறைவுசெய்து லண்டன் திரும்பினார்.